தங்க நிப்பு உடையாது

கிருஷ்ணநகர்
அக்டோபர் 20, 1986

எல்லா நலமும் கூட வேண்டிய ஜிம்லிக்கு,

துர்கா பூஜை முடிந்து நீ எழுதிய விஜயா வணக்கம் வந்தது. என் கை உன் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள். நான் சௌக்கியம். முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ரயில்வேயில் இருந்தபோதும் என் பேச்சை யாரும் கேட்டதில்லை என்பதால் அது பழகிவிட்டது. அம்மனை ஜலங்கி ஆற்றில் கரைத்துவிட்டு வந்து இந்த வருஷம் நானே தேங்காய் உருண்டை பிடித்தேன். உன் அம்மா போன பிறகு முதல் தடவை. ஹோமியோபதி கம்பவுண்டர் நிமாய் ஒன்றை வாயில் போட்டுக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டிப் பார்த்தான். பிறகு, "பரேஷ்தா, இது பிரசாதமா, தண்டவாளத்து ஜல்லியா?" என்றான்.

அது கிடக்கட்டும். கடிதத்தைப் பென்சிலில் எழுதியிருக்கிறாயே, ஏன்? செஷன்ஸ் ஜட்ஜ் அம்மாள் பெற்ற அப்பனுக்குப் பென்சிலில் எழுதினால், அப்பீலில் அழித்துவிட வசதி என்றா? நீ முன்சீப் ஆன அன்று கொடுத்தேனே, கறுப்புப் பேனா, அது என்ன ஆயிற்று? தங்க நிப்பு போட்டது. தொலைத்திருந்தால் சொல்லிவிடு. திட்டிவிட்டு மறந்துவிடுவேன்.

துணிக்கடைக்காரர் வீட்டுக் கொலைக் கேஸ் உன்னிடம்தான் நடக்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். புருஷன், பெண்டாட்டி, சின்னப் பெண், மூன்று பேரையும் கடையில் வேலை பார்த்தவனே வெட்டினானாமே. கோகுல் மாஜி என்று பேர் போட்டிருந்தது. இருபத்திரண்டு வயசாம். டீக்கடையில் எல்லோரும் அவனை ஏற்கெனவே தூக்கில் போட்டு இறக்கிவிட்டார்கள். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? எழுது.

ஆசிகளுடன்,
பாபா


மகுல்டிஹா
நவம்பர் 2

பாபாவின் பாதங்களுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. முட்டிக்குக் கடுகெண்ணெய் சூடாக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பேனா தொலையவில்லை. எழுத மறுக்கிறது. முதல் வரி ஓடும். பிறகு நின்றுவிடும். உதறினால் இரண்டு எழுத்து வரும், மறுபடி வறட்சி. கோர்ட்டில் பால்பாயிண்ட் வைத்துச் சமாளிக்கிறேன். அன்று வீட்டில் பென்சில்தான் கைக்கு அகப்பட்டது.

ஒரு வேண்டுகோள். அந்தக் கேஸைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். பேப்பரில் வந்தது, டீக்கடையில் பேசியது, எதுவும் வேண்டாம். எழுதினால் உங்கள் கடிதத்தை நான் பிரிக்கவே கூடாது என்று ஆகிவிடும். உங்கள் கடிதம் எனக்கு வேண்டும். பேனாவைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
ஜிம்லி


கிருஷ்ணநகர்
நவம்பர் 9

எல்லா நலமும் கூட வேண்டிய ஜிம்லிக்கு,

உத்தரவு. கேஸ் என்ற சொல்லே இனி என் கடிதத்தில் வராது. மெட்ரிக்கை இரண்டாம் தடவையில் எட்டிப் பிடித்தவனிடம் ஜட்ஜ் அம்மாள் கேட்க ஒரு விஷயமாவது இருக்கிறதே என்று சந்தோஷம்தான்.

உன் பேனாவுக்கு வந்திருப்பது மலச்சிக்கல். நிமாய் பாஷையில் சொல்கிறேன். நிப்புக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறது பார், அதில் தலைமுடி போல ஒரு வாய்க்கால் ஓடும். அதில் பழைய மை காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மையைக் கொட்டிவிட்டுக் கழுத்தைத் திருகிக் கழற்று. பச்சைத் தண்ணீர் வைத்த டம்ளரில் நிப்பைத் தலைகீழாக ஊற வை. தண்ணீர் நீலமாக ஆக மாற்றிக்கொண்டே இரு. நீலம் இறங்குவது நின்ற பிறகு, பழந்துணிமேல் நிப்பை நிறுத்தி வைத்துக் காய விடு. பிறகு ஒரே மையை ஊற்று. இரண்டு கம்பெனி மையைக் கலந்தால் உள்ளே தயிர் ஆகிவிடும்.

வெந்நீர் மட்டும் கூடாது. சொந்த அனுபவம். கூட்ஸ் ஆபீஸில் சேர்ந்த புதிதில் என் பேனா அடைத்துக்கொண்டது. நான் அதை உருளைக்கிழங்கு போல வேகவைத்தேன். கறுப்பாகப் போனது வெல்லக்கட்டி நிறத்தில் வெளியே வந்தது. கட்டை கோணிக்கொண்டு, நிப்பு ஒரு பக்கம் பார்க்க, அது ஒரு பக்கம் பார்த்தது. உன் அம்மா சொன்னாள்: "உப்பு போட்டீங்களா?"

இன்னொன்று கேட்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பேனா சும்மா காயாது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தால்தான் அப்படிக் காயும். ரொம்ப நேரம் திறந்து வைத்திருக்கிறாயா? யோசிப்பதென்றால் மூடிவிட்டு யோசி.

ஆசிகளுடன்,
பாபா


மகுல்டிஹா
நவம்பர் 30

பாபாவின் பாதங்களுக்கு வணக்கம்.

முட்டி எப்படி இருக்கிறது? எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

நீங்கள் சொன்னபடி ஊறவைத்தேன். தண்ணீர் எத்தனை தடவை மாற்றினாலும் நீலமாகிக்கொண்டே இருந்தது. இத்தனையும் உள்ளேயா இருந்தது என்று ஆச்சரியம். இப்போது ஓடுகிறது. இந்தக் கடிதம் அதில்தான் எழுதுகிறேன்.

ஆனால் புது வியாதி. கக்குகிறது. நேற்று டாக்டர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் அவர் நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். மறுபடி பேனாவை வைத்தபோது பெரிய சொட்டு விழுந்தது. விழுந்த இடத்தில் அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் இருந்தது. தாளை மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னார்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் தினமும் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் பச்சைத் துண்டு, மடியில் பொரி டப்பா. நேற்று நான் உள்ளே போகும்போது கான்ஸ்டபிளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐயா, உங்க துப்பாக்கியும் என்னை மாதிரிதான். தோள்ல தொங்குறதோட சரி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பேசுவது போலவே இருந்தது. அப்புறம் அவர் யார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அன்புடன்,
ஜிம்லி


கிருஷ்ணநகர்
டிசம்பர் 7

எல்லா நலமும் கூட வேண்டிய ஜிம்லிக்கு,

சளிக்குத் துளசியும் இஞ்சியும் போட்டுக் குடி. நிமாய் ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்திருக்கிறான். கெடுதல் செய்யாது, நல்லதும் செய்யாது, இனிப்பாக இருக்கும்.

பேனா கக்குவதற்குக் காரணம் சொல்கிறேன். உள்ளே மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று சேரும். கைச்சூடு ஏறினால் காற்று பருத்து மையைப் பிடித்துத் தள்ளும். பாதி தீர்ந்ததுமே மையை நிரப்பிவிடு, நின்றுவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் கைக்கு அவ்வளவு சூடு கிடையாது. பேனாவை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் அப்படிக் கக்கும். நீ சின்னவளாக இருந்தபோது பரீட்சைக்குப் போகும் வழியெல்லாம் என் விரலை அப்படித்தான் பிடித்துக்கொண்டு வருவாய். என் விரலில் மை இல்லாததால் தப்பித்தேன்.

இங்கே டீக்கடையில் என் மரியாதை ஏறிவிட்டது. நான் போனால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். நேற்று நிமாய் கேட்டான்: "என்ன பரேஷ்தா, பொண்ணு எப்ப நிப்ப ஒடைக்கப் போவுது?" டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் பின்னாலேயே வந்து, "தப்பா ஒண்ணும் சொல்லலியே, ஊருல எல்லாரும் சொல்றதுதானே" என்றான். ஆமாம், எல்லாரும் சொல்வதுதான்.

கறை பட்ட தாளை மாற்றி எழுதிவிட்டாய். நல்லது. தாளானால் மாற்றலாம். எதை மாற்றி எழுத முடியாதோ, அங்கே பேனாவை வைக்கும் முன்னால் ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்துக்கொள். பேனாவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
பாபா


மகுல்டிஹா
டிசம்பர் 18

பாபாவின் பாதங்களுக்கு வணக்கம்.

கடைசிப் பத்தி பேனாவைப் பற்றியது அல்ல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீக்கடையும் வேண்டாம். இனி ஒரு தடவை எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கக்குவது நின்றுவிட்டது. இப்போது கீறுகிறது. தாளில் நிப்பு மாட்டுகிறது, சில இடத்தில் கிழிக்கிறது. இரு தரப்பு வாதமும் முடிந்துவிட்டதால் கோர்ட்டில் எழுத்து வேலை இல்லை. வீட்டில்தான் எழுதுகிறேன். எழுதிக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுகிறேன். என்ன செய்யலாம்?

நலம். மாத்திரை இனிப்பாக இருந்தது.

ஜிம்லி


கிருஷ்ணநகர்
டிசம்பர் 23

எல்லா நலமும் கூட வேண்டிய ஜிம்லிக்கு,

திட்டு கிடைத்தது. உன் அம்மா கையெழுத்திலேயே கிடைத்த மாதிரி இருந்தது. இனி ஒழுங்காக இருப்பேன்.

கீறுகிறது என்றால் நீ அழுத்துகிறாய். நிப்பின் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் ஒட்டி நிற்க வேண்டும். அழுத்த அழுத்த ஒன்று ஏறி, ஒன்று இறங்கிவிடும். வெளிச்சத்தில் நுனியைப் பிடித்துப் பார், தெரியும். ஏறியிருக்கும் காலைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீழே தள்ளு. பிளேடு, ஊசி எதையும் உள்ளே விடாதே. தங்கம் மிருதுவான சரக்கு. எஃகு நிப்பாக இருந்தால் பட்டென்று ஒடிந்து முடிந்துபோகும். தங்க நிப்பு உடையாது, வளையும். வளைந்தபடியே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கையைத் தளர விட்டு எழுது. பேனா தன் கனத்திலேயே எழுதிக்கொள்ளும். நீ தள்ள வேண்டியதில்லை.

புது ஈச்சவெல்லம் வந்துவிட்டது. ரயிலில் வரும் நம் பழைய கார்டு ஒருவரிடம் ஒரு பானை கொடுத்தனுப்புகிறேன். பிப்ரவரியில் சரஸ்வதி பூஜைக்கு வருவாய் அல்லவா? பேனாவையும் எடுத்து வா. அன்று ஒரு நாளாவது அது அம்மன் காலடியில் சும்மா கிடக்கட்டும். நீயும் எதையும் எழுதாமல், எதையும் படிக்காமல் கிச்சடி சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

ஆசிகளுடன்,
பாபா


கிருஷ்ணநகர்
ஜனவரி 14, 1987

ஜிம்லிக்கு,

வெல்லம் வந்ததா என்று நீ எழுதவில்லை. பௌஷ சங்கராந்திக்கு அரிசி மாவில் பிட்டா செய்தேன். ஆவியில் வைத்தது பாதி மாவாகவே இருந்தது. நாய் கூட யோசித்தது.

பேப்பரில் வந்ததைப் பார்த்தேன். ஒன்றும் எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், எழுதவில்லை. டீக்கடைக்குப் போகவில்லை. நிமாய் வாசலில் நின்று, "பரேஷ்தா, உங்க பொண்ணு தைரியம்" என்று சொல்லிவிட்டுப் போனான். கதவைத் திறக்கவில்லை.

நீ நலம் என்று ஒரே ஒரு சொல் எழுதிப் போடு. பென்சிலானாலும் பரவாயில்லை.

பாபா


மகுல்டிஹா
ஜனவரி 22

பாபாவின் பாதங்களுக்கு வணக்கம்.

நலம். வெல்லம் வந்தது. பானையை இன்னும் திறக்கவில்லை.

இதோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். உள்ளே பேனா இருக்கிறது. மூடி தனியாக வரும். மூடிப் பார்த்தேன், மூட முடியவில்லை.

ஆயுள் தண்டனை கொடுக்கத் தனிக் காரணம் எழுத வேண்டியதில்லை, பாபா. தூக்கு என்றால் மட்டும், ஏன் தூக்கு என்று விசேஷக் காரணங்களை எழுத வேண்டும். சட்டம் அப்படி. அந்தப் பக்கங்களைத்தான் டிசம்பர் முழுக்க எழுதிக் கிழித்தேன். உங்கள் கடிதம் வந்தது. நகத்தால் நிப்பைத் தள்ளி நேராக்கினேன். கையைத் தளர விட்டேன். பிறகு எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினேன். ஓர் இடத்தில் கூடப் பேனா நிற்கவில்லை, கக்கவில்லை, கீறவில்லை. அது அவ்வளவு நன்றாக என்றுமே எழுதியதில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் காரணங்கள் சரியானவை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அவற்றையே எழுதுவேன். அந்தச் சின்னப் பெண் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அவன் தேடிப் போயிருக்கிறான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனேன். பெஞ்ச் கிளார்க் குனிந்து, "மேடம், நிப்பு" என்றார். மறந்தே போயிருந்தேன். தூக்கு எழுதிய பேனா வேறு எதையும் எழுதக் கூடாது என்று நிப்பை உடைப்பது இங்கே வழக்கம், எல்லாரும் அதற்காகத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேஜையில் வைத்து அழுத்தினேன். உடையவில்லை. நீங்கள் சொன்னது போலவே வளைந்தது. "இன்னொரு தடவை அழுத்துங்க, மேடம்" என்றார். அழுத்தினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனும் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், நான் அதோடு போராடுவதை.

பச்சைத் துண்டுக் கிழவர் அவனுடைய அப்பா. உங்களுக்கு முன்பே புரிந்திருக்கும். நான் வெளியே வரும்போது அதே இடத்தில்தான் இருந்தார். அழவில்லை. கான்ஸ்டபிளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அப்ப இனிமே நான் எந்தத் தாழ்வாரத்துல உக்காரணும்?"

மேல் கோர்ட்டு உறுதி செய்தால்தான் தூக்கு. ஃபைல் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. கிழவரும் அதன் பின்னாலேயே அங்கே போய்விட்டாராம்.

பேனாவை வீட்டில் வைக்கக் கூடாது, குளத்தில் போட்டுவிடுங்கள் என்றார் கிளார்க். நீங்கள் கொடுத்தது, போட மனம் வரவில்லை. இதை நிமிர்த்த முடியுமா? எது கெட்டுப்போனாலும் சரி பண்ணிடலாம் என்றுதான் சொல்வீர்கள். இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்கள்.

சரஸ்வதி பூஜைக்கு வரவில்லை.

ஜிம்லி


கல்கத்தா
பிப்ரவரி 9

எல்லா நலமும் கூட வேண்டிய ஜிம்லிக்கு,

நான் சௌக்கியம். முட்டியும் ஏதோ கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. தாளைப் பார்த்ததும் என் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைக்காதே. இது உன் பேனா.

பூஜையன்று அதை நம் தெருப் பந்தலில் பிள்ளைகளின் பேனாக்களோடு அம்மன் காலடியில் வைத்தேன். புரோகிதர் எடுத்துப் பார்த்து, "இது என்ன, இப்படி?" என்றார். "விழுந்துடுச்சு" என்றேன். பூப் போட்டார். மறுநாள் எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்தேன். தர்மதலாவில் பேனா ரிப்பேர் செய்கிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எங்க வேல பாத்த பேனா?" "கோர்ட்டுல." துணியில் சுற்றி என் கையில் திருப்பி வைத்துவிட்டார். "இத நான் தொடமாட்டேன், அண்ணா. வீட்டுல பிள்ளைங்க இருக்கு."

அதனால் நானே செய்தேன். தங்கியிருக்கும் விடுதியில் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி, அதன் முதுகில் வைத்து நகத்தால் நீவி நீவி நிமிர்த்தினேன். உருளைக்கிழங்கு வேகவைத்தவன் கைதான். இருந்தாலும் நிமிர்ந்தது. மூடி மூடுகிறது. மை இறங்குகிறது. ஆனால் மேலிருந்து கீழே இழுக்கும் இடமெல்லாம் கோடு இரண்டாகப் பிரிகிறது பார். நடுவில் வெள்ளையாக, தண்டவாளம் மாதிரி. என்ன செய்தும் அந்த இரண்டும் ஒட்டவில்லை. உண்மையைச் சொல் என்றாய். இதுதான் உண்மை.

நிமிர்த்தச் சொன்னாய், நிமிர்த்திவிட்டேன். திருப்பி அனுப்பவா, என்னிடமே இருக்கட்டுமா என்று நீ எழுது. அதுவரை உனக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கேஸ் உன்னிடம் இல்லை. அதனால் இதை எழுதலாம் என்று நினைக்கிறேன். கூடாதென்றால் மேலே படிக்காதே.

பேனா வேலை முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே தாழ்வாரங்கள் நம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தை விட நீளம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது தாழ்வாரத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், பச்சைத் துண்டு தெரிந்தது.

பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மெதுவா. எந்திரிக்கும்போதுதான் கஷ்டம், நான் கை குடுக்கிறேன்." யாரோ ஒரு வக்கீல் எங்களைத் தாண்டிப் போனார். கிழவர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். "நம்ம வக்கீல் இல்ல. இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டு வைப்போம். செலவா ஆகுது?"

நான் சிரித்தேன். நீயும் அன்று சிரித்தாயே, அதேபோல் என்னை மீறி வந்துவிட்டது.

நான் யாரென்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேனா என்றும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல பேனா" என்றார். பிறகு கேட்டார்:

"நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"என் பொண்ணுக்காக."

"அடடா, பொம்பளப் புள்ளையா. என்ன தண்டனை குடுத்திருக்காங்க?"

யார் என்ன கேட்டாலும் என் வாயில் ஒரு பதில் தயாராக இருக்குமே, ஜிம்லி. பேனாவை மூடினேன்.

"இன்னும் தெரியல," என்றேன்.

அவர் பொரி டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சாப்பிடுங்க. இங்க எல்லாத்துக்கும் நேரமாகும்."

ஆசிகளுடன்,
பாபா